கொரகொர சாரின் மூன்று நகல்கள்

திருச்சியில் இதுவரை இறங்கிய விமானங்களில் பாதியை இறக்கியவர் கீரனூர் கொரகொர சார்தான். மீதிப் பாதி, அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் பைலட்டுகள் தாங்களாகவே இறக்கிக்கொண்டவை.

தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயரானவர். இடுப்பில் எப்போதும் ஒரு ரேடியோ ஸ்கேனர் தொங்கும். பைலட்டுகள் பேசுவது அதில் கேட்கும். பேசாத நேரமெல்லாம் கொரகொர. ஊரில் யார் வீட்டுக்காவது சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ ஆள் வந்தால், சார் வாசலில் நின்று, "எறங்கியாச்சு, ஒலையை வைங்க!" என்பார். அதெல்லாம் போனிலேயே தெரியுமே என்று சொல்லிப் பாருங்கள். "போனு மழை வரும்னுகூடத்தான் சொல்லுது. வந்துச்சா?" என்பார்.

என்னுடையது பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடை. எதையும் மூன்று நகல் எடுக்காவிட்டால் சாருக்குத் தூக்கம் வராது. ஸ்கேனர் வாங்கிய அன்று பேட்டரியைக் கழற்றி, ஸ்கேனரையே மெஷின் கண்ணாடியில் மல்லாத்திவிட்டு, அப்புறம் குப்புறப் போட்டு, "மூணு காப்பி" என்றார்.

"ஏன் சார், இதுக்குப் பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"அசலுக்கு ஆயுசு கம்மி தாயி."

இரண்டு வருஷம் கழித்து என் கணவர் சிங்கப்பூரிலிருந்து வந்த அன்று காலை, சார் பேயறைந்த முகத்தோடு கடைக்குள் நுழைந்தார். முக்கியமான விமானம் வருகிறதே என்று ஸ்கேனருக்குப் புது சாஃப்ட்வேர் ஏற்றியிருக்கிறார். பாதியில் கரண்ட் போய்விட்டது. திரை இருண்டு கிடந்தது.

"மூணு மணிக்கு ஒன் வீட்டுக்காரரு வாராரு. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்து சொல்லுவேன்?"

கம்பெனி வெப்சைட்டைத் திறந்தேன். செத்த ஸ்கேனரைப் பிழைக்கவைக்க இரண்டு ஃபைல்கள் இருந்தன. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு ஒன்றாம் நம்பர் என்றால் ஒன்று, இரண்டாம் நம்பர் என்றால் இன்னொன்று. மாற்றிப் போட்டால் ஸ்கேனர் அதோடு சரி. போர்டு நம்பர் பேட்டரிக்கு அடியில் ஒட்டிய சீட்டில் இருக்குமாம்.

பேட்டரியைக் கழற்றினால், சீட்டு முழுக்கச் சந்தனமும் குங்குமமும் அப்பிக் காய்ந்திருந்தன.

"என்ன சார் இது?"

"ஆயுத பூசைக்கு வச்சது. உசுரு இருக்குற எடத்துலதானே பொட்டு வைக்கணும்?"

இரண்டு வருஷப் பொட்டு. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். சந்தனம் போனது, கூடவே நம்பரும் போனது.

சார் எழுந்துவிட்டார். "ரெண்டுல ஒண்ணுதானே? கோயில்ல பூக்கட்டிப் பாத்துட்டு வாரேன்."

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "சார்! மூணு காப்பி!"

அறுபத்தைந்து வயதுக்காரர் செருப்புகூடப் போடாமல் ஓடினார். வரும்போது நாடா கட்டிய ஒரு ஃபைல். ரேஷன் கார்டு நகலுக்கும் நாய்க்கு ஊசி போட்ட சீட்டின் நகலுக்கும் நடுவில் ஸ்கேனர் இருந்தது. முதல் காப்பி ஒரே கறுப்பு. இரண்டாவதில் சாரின் கட்டைவிரல் நம்பரை மறைத்திருந்தது. மூன்றாவதில் பளிச்சென்று இரண்டு!

"பாத்தியா? ரெண்டோட நிறுத்தியிருந்தா?" என்று சார் குதித்தார்.

இரண்டாம் ஃபைலை மெமரி கார்டில் ஏற்றிச் செருகினோம். சார் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி "முருகா, முருகா" என்றார். ஆதார் நகலுக்கு வந்தவர்களும் சேர்ந்து கழுத்தை நீட்டினார்கள். திரையில் கோடு ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்ந்து முடிந்தது. கொரகொர! கடையே கைதட்டியது. மணி இரண்டே முக்கால்.

சார் மூட்டுவலியோடு மொட்டை மாடிக்கு ஏறினார். நான் கீழே நகல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

போன் அதிர்ந்தது. 'இறங்கிட்டேன்' என்று என் கணவர் அனுப்பியிருந்தார். கண் நிறைந்துவிட்டது. அதற்குள் படிகளில் தடதடவென்று சத்தம். போனைச் சட்டென்று மேஜை டிராயருக்குள் தள்ளினேன்.

"எறங்கிட்டாரு தாயி! மொத ஆளா ஒனக்குத்தான் சொல்றேன்!"

"நெசமாவா சார்!" என்று கத்தினேன்.

உன் வீட்டுக்காரர் வந்து இறங்கியதை உனக்கு முதலில் யார் சொன்னது என்று கேட்டால், இன்றைக்கும் கொரகொர சார் என்றுதான் சொல்வேன். என் கணவரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.