பன்னிரண்டாவது விதி

எழுத்தர் கருத்துப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு பஸ் டிக்கெட், ஒரு சட்டைப் பொத்தான், ஒரே ஒரு கருத்துப் படிவம் இருந்தன. படிவத்தில், "பெட்டிக்குப் பெயின்ட் நல்லா அடிச்சிருக்கீங்க" என்று எழுதியிருந்தது.

"அந்த ஒண்ணாவது வந்திருக்கே சார்," என்றாள் அலுவலகம் பெருக்கும் அக்கா, விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு.

பகுதி மன்றங்களுக்கான புது விதிகளைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்க ஆரம்பித்து இருபத்தேழு நாளாகிவிட்டது. பாக்கி மூன்றே நாள். அதிகாரி அம்மா காலையிலேயே எழுத்தரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள நாப்பது கருத்து வந்தாகணும். வரலைன்னா ஆத்தோரக் கிளையில ஒரு நாற்காலி காலியா இருக்கு. உங்களுக்குத்தான்."

ஆத்தோரக் கிளைக்கு ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். எழுத்தரின் வீடோ அலுவலகத்திலிருந்து நான்காவது வீடு. பத்தரைக்கு வீட்டில் டீ. ஒரு மணிக்குச் சாப்பாடு, அதன்பின் ஒரு குட்டித் தூக்கம். நாலு மணிக்கு மறுபடியும் டீ. பதினோரு வருஷமாக இதில் ஒரு நாள்கூட அவர் குறை வைத்ததில்லை. இதை விட்டுவிட்டு மனுஷன் எங்கே போவார்?

வேடிக்கை என்னவென்றால், தெருவில் அவருக்குப் பெயரே "கருத்து சார்". பக்கத்து வீட்டுக் கொடிக்கயிறு எந்தத் திசையில் கட்டப்பட வேண்டும் என்பதிலிருந்து எல்லாவற்றுக்கும் அவரிடம் கருத்து உண்டு. கேட்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. மனைவி வீட்டில் தையல் வேலை செய்கிறாள். அளவு கொடுக்க வருகிறவர்கள்கூடத் தப்ப முடியாது. "இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காதும்மா" என்று டீயை உறிஞ்சிக்கொண்டே சொல்லிவிடுவார். ஊருக்கெல்லாம் வாரி வழங்கிய மனுஷனுக்குத் திருப்பித் தர நாற்பது பேர் இல்லை.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் முடிவெட்டும் கடையில் வைத்தார். அங்கே வருகிறவர்கள்தானே உலகத்தையே அலசுகிறார்கள்!

சாயங்காலம் பெட்டியை அலுவலகத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து பார்த்தால் பதினேழு படிவம். எழுத்தர் குதிக்காத குறை. பிரித்துப் படித்த பிறகுதான் முகம் தொங்கியது. ஒன்பது பேர் ஒரே நாயைப் பற்றிப் புகார் எழுதியிருந்தார்கள். ஏழு பேர் மாடி வீட்டுக்காரரைப் பற்றி. ஒருவர் முடிவெட்டுகிறவரைப் பற்றியே.

"இதுல விதியைப் பத்தி ஒண்ணுமே இல்லையே," என்றார் அதிகாரி. "ஆனா புகார்னு வந்துட்டா பதில் போட்டாகணும். பதினேழுக்கும் நீங்களே எழுதிடுங்க."

வியாழக்கிழமை மதியம், வீடு வீடாகப் போய் விதிகளை வாசித்துக் காட்டுவது என்று முடிவெடுத்தார். ஒத்திகை பார்க்க மனைவியைவிட்டால் யார்? வெட்டிப் பரப்பியிருந்த துணிகளை அவள் வழக்கம்போலச் சாப்பாட்டு மேஜையிலிருந்து அள்ளி நாற்காலியில் போட்டாள். பிறகு சோறு வைத்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே இருபத்திரண்டு விதிகளையும் படித்தார்.

"பன்னிரண்டாவது என்னங்க சொன்னீங்க?"

எழுத்தர் பூரித்துப்போனார். முதன்முதலாக ஒரு ஜீவன் காது கொடுத்துக் கேட்டிருக்கிறது! "அந்தந்த அலுவலக எழுத்தரே மன்றச் செயலாளரா இருப்பார். அதாவது நான்."

"முப்பது பேரு அது வேண்டாம், மாத்துங்கன்னு எழுதினா?"

"மாத்தித்தான் ஆகணும். முப்பது பேரு ஒரே மாதிரி சொன்னா மாத்தணும்னு கடைசி விதியிலேயே இருக்கே. ஆனா நம்ம ஜனங்க முப்பது பேரு ஒத்துமையா ஒரு விஷயத்தைச் சொல்லிட்டா, நான் மீசையை எடுத்துடறேன்."

"ஆத்தோரம் ஒருவேளை போகவேண்டி வந்தா, அங்க சாப்பாடு கிடைக்குமா?"

"மெஸ் இருக்காம். அந்தப் பேச்சே எடுக்காத." பாவம், இப்போதே கவலைப்பட ஆரம்பித்துவிட்டாள்.

"இவ்வளவு படிவத்தையும் எதுக்குச் சுமக்கறீங்க? பத்து போதும். மிச்சத்தை இங்க வச்சுட்டுப் போங்க, தோள் வலிக்கப் போகுது."

எவ்வளவு கரிசனம்!

முதல் வீட்டில் ஆறாவது விதியிலேயே வீட்டுக்காரர் குறட்டை விட்டார். இரண்டாவது வீட்டில், "நீங்களே நல்லதா எழுதிக்குங்க சார்" என்று கதவைச் சாத்தினார்கள். அதற்குள் செய்தி பரவி, மூன்றாவது வீட்டிலிருந்து தெருக்கோடி வரை எல்லாக் கதவிலும் பூட்டு.

வெள்ளிக்கிழமை காலையில் கடைசி அஸ்திரமாக ஒரு வண்டியில் மைக்கைக் கட்டி அனுப்பினார். "இன்றே கடைசி! உடனே வாருங்கள்!" என்று அது அலறிக்கொண்டு போனது. எதற்கு வர வேண்டும் என்பதை, கரகரத்த ஒலிபெருக்கி முழுங்கிவிட்டது. கால் மணியில் அலுவலக வாசலில் அறுபது பேர், கையில் காலிக் குடமும் வாளியுமாக.

"தண்ணி எப்ப நிக்குது?"

"தண்ணி நிக்கலீங்க, கருத்து..."

"கருத்தை வச்சு நான் குளிக்கவா?" என்று ஒரு அம்மாள் கேட்டபோது அவர் கருத்துச் சொல்லாமல் உள்ளே ஓடினார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக.

அதிகாரி ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆத்தோரத்துக்குக் காலையில ஆறு மணிக்குப் பஸ் இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

மதியம் எழுத்தருக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கமும் வரவில்லை, பழக்கதோஷத்தில் படுத்திருந்தார். மூன்றரை மணிக்குச் நடைப்பிணமாக அலுவலகத்துக்குத் திரும்பி, ஒப்புக்குப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். கனத்தது!

திறந்தார். எண்ணினார். நாற்பத்தாறு! வெவ்வேறு கையெழுத்து, வெவ்வேறு முகவரி, எல்லாம் அசல். படிக்கவெல்லாம் பொறுமை இல்லை. அப்படியே வாரிக்கொண்டு அதிகாரியின் அறைக்கு ஓடினார்.

அதிகாரி ஒன்றைப் படித்தார். அடுத்ததைப் படித்தார். பத்தாவதில் எழுந்து நின்றுவிட்டார்.

"அடேயப்பா! இப்படி ஒரு ஒத்துமையை என் சர்வீஸ்லயே பாத்ததில்லை. நாப்பத்தாறு பேரும் பன்னிரண்டாவது விதியைத்தான் எழுதியிருக்காங்க. 'செயலாளர் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே வீடு உள்ளவராக இருக்கக் கூடாது. குறைந்தது ஐந்து மணி நேரப் பஸ் தூரத்திலிருந்து வந்தவராக இருக்க வேண்டும்.'"

எழுத்தரின் கை தானாக மீசைக்குப் போயிற்று.

"மேடம், நாப்பது வந்துடுச்சே! மாத்தல் கிடையாதுன்னீங்களே?"

"வந்ததாலதான் மாத்தல். முப்பதுக்கு மேல போயிட்டா என் கையிலயும் ஒண்ணும் இல்லை. எழுத்தர்தானே செயலாளர், இனிமே நீங்க இங்க இருக்க முடியாது. ஆத்தோரக் கிளை சரியா அஞ்சு மணி நேரம். ஜனங்க அளந்து எழுதியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து போங்க."

எழுத்தர் தன் மேஜையில் வந்து தொப்பென்று உட்கார்ந்தார். பெருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், கையில் ஒரு பெரிய பை.

"யாரு அக்கா இந்த வேலையைப் பாத்தது? அந்த முடிவெட்டறவன்தானே?"

"அவரு பாவம் சார். நானும்தான் ஒண்ணு எழுதிப் போட்டேன். தப்பா நெனைக்காதீங்க."

"நீங்களுமா! நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்? என்னை விடுங்க, என் பொண்டாட்டியை நெனச்சுப் பாத்தீங்களா? பத்தரைக்கு நான் டீக்குப் போகலைன்னா அவளுக்குக் கையே ஓடாது. தனியா எப்படித் தாங்குவா?"

அக்கா சங்கடத்தோடு பையை விரித்துக் காட்டினாள். உள்ளே புத்தம் புதுத் திரைச்சீலைகள், அழகாகத் தைத்து மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"நான் என்ன சார் பண்ணுவேன்? கருத்தை எழுதிப் பெட்டியில போட்டுட்டு வந்தாத்தான் தைச்ச துணியைக் கையில குடுப்பேன்னு உங்க வீட்டம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்களே!"