சாய்ந்துபோன தென்னங்குழிகள்

சூலூர்
24.5.94

மதிப்பிற்குரிய மச்சான் நஞ்சுண்டன் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் ஐயாசாமி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், தங்கள் தங்கை, மாடு கன்று, கிணற்று மோட்டார் எல்லோரும் சௌக்கியம். மோட்டார் மட்டும் போன வாரத்திலிருந்து சௌக்கியமில்லை.

நிற்க. தாங்கள் சொன்னபடியே எங்கள் பிரவீனாவைப் பத்தாம் வகுப்புக்குத் தாராபுரத்தில் தங்கள் வீட்டுப் பக்கத்து ஆஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதென்று முடிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வந்துவிடவும். பொண்ணு அழுகிறாள், தங்கள் தங்கை என்னோடு பேசுவதில்லை, ஆனாலும் நான் அசையமாட்டேன். எல்லாம் இந்தக் கணக்கால் வந்த வினை. முழுப் பரீட்சையில் 'இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம் என நிறுவுக' என்று கேட்டதற்கு, இவள் 'நடுவில் மடித்தால் ஒன்றின் மேல் ஒன்று உட்காருகிறது, வேண்டுமானால் மடித்துப் பாருங்கள்' என்று எழுதி, விடைத்தாளை மடித்தும் வைத்திருக்கிறாள். டீச்சர் முட்டை போட்டுவிட்டார்.

நாமெல்லாம் அப்படியா படிச்சோம் மச்சான்? ஒரே பெஞ்சுல உக்காந்து, தேற்றத்தை மந்திரம் மாதிரி உருப்போட்டோம். வாத்தியார் ஏ பி சி முக்கோணத்தை பி க்யூ ஆர்னு மாத்திக் குடுத்த அன்னைக்கு, நீங்க எந்திரிச்சு, 'சார், இந்த முக்கோணம் நீங்க நடத்தலீங்களே'ன்னு கேட்டீங்களே, நெனப்பிருக்குதுங்களா? தலைகீழா வரைஞ்சு குடுத்தப்ப நான் தாளைத் திருப்பி வெச்சு எழுதப் போயி, காப்பி அடிக்கறேன்னு நிக்க வெச்சுட்டாரு. அந்தப் பெஞ்சுல காம்பஸ் முள்ளுல நீங்க கீறின உங்க பேரு, மத்தியானம் உங்க டப்பாவுல இருந்து நான் தின்ன புளிச்சோறு, எல்லாம் இப்பவும் அப்படியே நெனப்புல நிக்குதுங்க. ஒண்ணுமே புரியலை, ஆனா எவ்வளவு சந்தோசமா இருந்தோம்!

இவ கதையைக் கேளுங்க. போன வாரம் தோட்டத்துல தென்னைக்குக் குழி எடுக்கலாம்னு, குழிக்குக் குழி இருவத்தஞ்சடி கயிறு புடிச்சு முளைக்குச்சி அடிச்சேன். இவ வரப்புல நின்னுட்டு, 'அப்பா, மூலைக்கு மூலை குறுக்க அளந்து பாருங்க'ங்கறா. 'நாலு பக்கமும் சமம்னா சதுரம்தான், நீ போ அம்மணி'ன்னு வெரட்டிப்போட்டு, ஆளுகளைக் குழி வெட்டச் சொல்லிட்டு மோட்டாரைப் பாக்கப் போனேன். திரும்பி வந்தா வரிசை பூராவும் கெழக்கால சாஞ்சு, கடைசிக் குழி ரெண்டும் பக்கத்துத் தோட்டத்து லட்சுமணசாமியோட வெண்டைக்காய்ப் பாத்திக்குள்ள கெடக்குது. அவரு இடுப்புல கை வெச்சுட்டு, 'ஏனுங்க, மரம் மட்டும் எனக்குங்களா, காயும் எனக்கேங்களா?'ன்னு கேக்கறாரு. மானம் போச்சுங்க.

இவ என்ன பண்ணுனா தெரியுங்களா? என் கையில இருந்த தீப்பெட்டியப் புடுங்கி, குச்சி வெச்ச பெட்டிய உருவிப்போட்டு, மேல்கூட்டை லேசா ஒரு தள்ளு தள்ளறா. நேரா நின்ன கூடு சாஞ்சுக்கிச்சு. 'பக்கமெல்லாம் அதே நீளந்தானுங்கப்பா, மூலை எங்க போச்சு?'ங்கறா. மூலைவிட்டம் மூலைவிட்டம்னு நாம கத்துனது எதுக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

இப்படி எதுக்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேக்கற புள்ளைய வெச்சுட்டு என்னால ஆவாது. அந்த ஆஸ்டல்ல தேற்றத்தைத் திரும்பத் திரும்ப எழுத வெப்பாங்களாம். அப்பத்தான் மார்க்கு வரும். கண்டிப்பா வந்துருங்க.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் குழந்தைகளுக்கு என் ஆசியையும் சொல்லவும். தங்கள் தோட்டத்து வரிசைகளாவது நேராக நிற்க ஆண்டவன் அருளட்டும்.

தங்கள் அன்புள்ள
ஐயாசாமி

பி.கு.: கடுதாசிய ஒட்டறதுக்குள்ள, நானும் பிரவீனாவும் மறுபடியும் அளக்கத் தோட்டத்துக்குப் போனோம். கயித்துல ஒரு முனைய நான் புடிச்சேன், எதிர் மூலையில அவ. 'இன்னும் ஒரு சாண் தள்ளுங்கப்பா'ன்னு அதட்டறா. ரெண்டு குறுக்கும் சமமா வந்தப்ப ரெண்டு பேரும் கூச்சல் போட்டோம், லட்சுமணசாமி பயந்துட்டாரு. அந்தப் பெஞ்சை விட்டு வந்ததுக்கப்பறம் கணக்குல நான் சிரிச்சது இன்னைக்குத்தானுங்க. மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்னேன். 'ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியாதுங்கப்பா. நான் போயிட்டா இந்த முனைய யாருங்க புடிப்பாங்க?'ன்னா. கயித்தைச் சுருட்டிப்போட்டு வந்து இதை எழுதறேன் மச்சான். காரைக் கொண்டாராதீங்க. தாய்மாமன் சீரா ஒரு காம்பஸ் பெட்டி வாங்கிட்டு பஸ்ஸுலயே வாங்க.