ஆறு டப்பா சாணி

தெருவில் கிடந்த சாணியை ஒரு பெண் கையுறை மாட்டிக்கொண்டு கரண்டியால் வழித்து, சின்ன டப்பாவில் அடைத்து, மூடிமேல் தேதி எழுதிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததுமே லோகநாதன் திண்ணையிலிருந்து எழுந்துவிட்டார். வறட்டி தட்ட எடுப்பவர்களை அவர் பார்த்திருக்கிறார். வாசல் தெளிக்க எடுப்பவர்களையும் பார்த்திருக்கிறார். தேதி போட்டு எடுப்பவளை இப்போதுதான் பார்க்கிறார்.

"சாரதா, இங்க வா. சத்தம் போடாம வா. வந்துட்டாங்க."

"யாரு?" என்றாள் மனைவி.

"பையன் வூட்டு ஆளு."

மகள் மோகனாவுக்குக் கூரத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. நல்ல பையன், சொந்த டிராக்டர் இருக்கிற வீடு என்று பேச்சு, மோகனாவுக்கும் பிடித்துப்போயிருந்தது. பெண் பார்க்க வருவதற்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் ஆள் அனுப்பி விசாரிப்பார்கள் என்று தரகர் ஏழுமலை எச்சரித்திருந்தார். முன்பு வந்த இரண்டு வரன்களும் அந்த விசாரிப்போடு நின்றுபோனவைதான். மூன்றாவதும் போய்விட்டால் மகள் முகத்தில் விழிக்கவே முடியாது என்று லோகநாதன் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். போதாததற்கு, பெண் வீட்டில் ஆறு கறவை மாடு என்று ஏழுமலை கூரத்தில் அளந்துவிட்டிருந்தார். வீட்டில் இருந்தது ஒன்று. அதுவும் விலா எலும்பை எண்ணலாம் என்கிற நிலையில் நின்றது.

அந்தப் பெண் நேராக அவர் வாசலுக்கே வந்தாள்.

"வணக்கம் ஐயா. என் பேரு கீர்த்தி, கால்நடை டாக்டர். மாடுகளுக்குக் குடல்ல புழு இருக்கான்னு ஊர் ஊரா சாணி எடுத்து டெஸ்ட் பண்றோம். நேத்து கூரத்துல முடிச்சேன். இன்னிக்கு உங்க ஊரு."

கூரம் என்ற சொல் காதில் விழுந்ததும் லோகநாதன் மனைவியின் காலை லேசாக மிதித்தார். சாணிக்காக யாராவது படித்துவிட்டு ஸ்கூட்டரில் வருவார்களா? பொய் சொல்வதானால் கொஞ்சம் நம்பும்படியாகச் சொல்லக்கூடாதா என்று அவருக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

"வீட்ல எத்தனை பேரு?" என்று டாக்டர் நோட்டைத் திறந்தாள். "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க? காய்கறியெல்லாம் கழுவித்தான் சமைப்பீங்களா?"

மாட்டுப் புழுவுக்கும் மனுசன் சமையலுக்கும் என்ன சம்பந்தம்? சந்தேகம் தீர்ந்து உறுதியே ஆகிவிட்டது.

"மூணு தண்ணியில கழுவுவோம்," என்றார் லோகநாதன். "என் பொண்ணு கழுவுனா நாலு."

"மாடு எத்தனை?"

"ஆறு."

டாக்டர் கொட்டகையை எட்டிப் பார்த்தாள். "ஒண்ணுதானே நிக்குது?"

"மிச்சம் அஞ்சு ஏரிப்பக்கம் மேயப் போயிருக்குதும்மா."

டாக்டர் பையிலிருந்து ஆறு டப்பாக்களை எண்ணி எடுத்துக் கையில் கொடுத்தாள். "ஒரு மாட்டுக்கு ஒரு டப்பா. சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன். நான் பள்ளிக்கூட மைதானத்துல கொஞ்சம் மண் எடுக்கணும். நாய் அசிங்கம் பண்ற மண்ணுலேர்ந்து பசங்களுக்கும் புழு தொத்தும்."

அவள் நகர்ந்ததும் லோகநாதன் குரலைத் தாழ்த்தினார். "மண்ணைக் கூட எடுக்கறா பாத்தியா? ஊர் மண்ணு வெளையற மண்ணான்னு பாக்கறாங்க. லேசுப்பட்ட குடும்பமில்ல."

"நைனா, அவங்க நெஜமாவே டாக்டருதான்," என்றாள் மோகனா. "கழுத்துல அட்டை மாட்டிக்கினு கீறாங்களே, பாக்கலியா?"

"அட்டை இன்னா அட்டை? உத்திரமேரூர் ஜெராக்ஸ் கடையில கேட்டா எனக்கே ஒண்ணு அடிச்சிக் குடுப்பான்."

ஒற்றை மாட்டிடமிருந்து ஆறு டப்பா நிரப்புவது சுலபமான காரியமில்லை. லோகநாதன் வயலுக்குப் போகாமல் அதன் பின்னாலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அது வாலைத் தூக்கும்போதெல்லாம் எழுந்து ஓடினார். பொழுது சாய்வதற்குள் ஆறும் நிரம்பிவிட்டது. வாய்க்கு வந்த பெயர்களையெல்லாம் மூடிமேல் எழுதினார்: லட்சுமி, சரசு, வெள்ளச்சி, கருப்பி, செவலை, சின்ன லட்சுமி.

நான்கு நாள் கழித்து டாக்டர் திரும்பி வந்தாள். முகத்தில் குழப்பம் இருந்தது.

"ஐயா, ஆறு மாட்டுக்கும் தட்டைப்புழு இருக்கு. முட்டை நல்லாவே தெரியுது. ஏரிக்கரையில நத்தை இருக்கிற இடத்துல புல்லு மேய்ஞ்சா வர்றது. அது இருக்கட்டும், எனக்கு வேற ஒண்ணு புரியல. ஆறுலயும் கிட்டத்தட்ட ஒரே அளவு. நான் இப்படிப் பார்த்ததே இல்லை."

"ஆறும் ரொம்ப ஒத்துமைம்மா," என்றார் லோகநாதன்.

டாக்டர் நோட்டை மூடினாள். "நாளைக்கு மத்தியானம் வந்து ஆறுக்கும் மருந்து ஊத்தறேன். மேய விடாம வீட்லயே கட்டி வைங்க. ஆறையும் நான் கண்ணால பாக்கணும்."

கண்ணால் பார்க்க வேண்டுமாம். டாக்டர் போனதும் சாரதா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"உண்மையைச் சொல்லிட்டு வுட்டுடுங்க. இந்தப் பேஜாரு நமக்கு வாணாம்."

"சொல்லிட்டா? ஒத்த மாட்டுக்காரன்னு போயிச் சொல்லுவா. அப்புறம் பொய்யன்னும் சேத்துச் சொல்லுவா. ஒரு நாள் கூத்துதானே, நான் பாத்துக்கறேன்."

அன்று சாயங்காலமே அவர் பங்காளி எல்லப்பன் வீட்டுக்குப் போனார். இலவச மருந்து, ஆனால் தன் வாசலில் கட்டிய மாட்டுக்குத்தான் ஊற்றுவார்களாம் என்றார். எல்லப்பன் இரண்டு மாடு தருவதாகச் சொன்னான். எதிர்வீட்டு இருசப்பன் இரண்டு. கோடி வீட்டு அம்முலு ஒன்று. எல்லாரும் மருந்து ஓசி என்ற சந்தோஷத்தில் வேறெதுவும் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் வாசலில் ஆறு மாடு வரிசையாக நின்றபோது, அது தன்னுடையதாகவே இருந்தால் எப்படி இருக்கும் என்று லோகநாதனுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. மனசு நிறைந்துதான் போனது.

டாக்டரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. அதன் பின்னாலேயே ஒரு மொபெட்டில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து இறங்கினார். நடுவயசு, சட்டைப் பையில் பேனா. உதவிக்கு ஆளையும் கூட்டி வந்துவிட்டாள், இனி இரண்டு ஜோடிக் கண்ணுக்குத் தப்ப வேண்டும் என்று லோகநாதன் நினைத்துக்கொண்டார். வந்தவர் வரிசையாக நின்ற மாடுகளை ஒரு பார்வை பார்த்தார். டாக்டர், "ஐயா, இந்தக் கயிறைக் கொஞ்சம் பிடிங்க," என்றதும் ஒரு கணம் திகைத்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பிடித்தார். மாட்டின் மூக்கைப் பிடித்துத் தலையைத் தூக்கும் பக்குவமும் அவருக்குத் தெரிந்திருந்தது. சாரதா இருவருக்கும் காபியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள்.

மருந்து ஊற்றி முடிந்தது. இனி கும்பிட்டு அனுப்பிவிட வேண்டியதுதான் என்று லோகநாதன் மூச்சு விட்டார். அப்போது டாக்டர் ஒரு டப்பாவிலிருந்து நம்பர் போட்ட மஞ்சள் பிளாஸ்டிக் தோடுகளை எடுத்தாள்.

"ஒரு மாட்டுக்கும் காதுல தோடு இல்லையே. வந்தது வந்தேன், போட்டுடறேன்."

ஆறு காதிலும் நம்பர் தோடு ஏறியது. ஒவ்வொரு நம்பரையும் செல்போனில் தட்டிக்கொண்டே வாய்விட்டுப் படித்தாள் டாக்டர். "உரிமையாளர் லோகநாதன். அடுத்தது, உரிமையாளர் லோகநாதன்."

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எல்லப்பன் வேலியைத் தாண்டி வந்தான். "இன்னாது? என் மாட்டுக்கு இவன் பேரா?"

லோகநாதன் கண்ணைக் காட்டினார். எல்லப்பனுக்குக் கண் ஜாடை புரிகிற பழக்கம் இல்லை.

"இன்னாத்துக்குடா கண்ணடிக்கற? கேக்கறேன்ல?"

செல்போனில் மூழ்கியிருந்ததால் இது காதில் விழாத டாக்டர், "இன்னொண்ணு. நான் சொல்ற வரைக்கும் இந்த ஆறு மாட்டுப் பாலும் சொசைட்டிக்கு ஊத்தக்கூடாது," என்றாள்.

"எவன் மாட்டுப் பால எவன் ஊத்தக்கூடாது?" என்று இருசப்பனும் கிளம்பினான்.

லோகநாதன் இருவரையும் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "கொஞ்சம் வாய மூடுங்கடா. உங்க கால்ல வேணா வுழறேன். பொண்ணு கல்யாண விசயம்."

அதுதான் அவர் செய்த பெரிய தப்பு. எல்லப்பனின் குரல் ஏரிக்கரை வரை கேட்டது. "ஓ! பொண்ணுக்குச் சீரு குடுக்க என் மாட்ட எழுதிக்கினியா? அம்முலு, வா இங்க! உன் மாட்டையும் சேத்துத்தான் கட்டி அனுப்பறான்!"

அம்முலு, மருந்து கலக்க இரவல் கொடுத்திருந்த தன் கிண்ணத்தைக்கூட வாங்காமல் வந்து ஐந்து கயிறையும் மளமளவென்று அவிழ்த்துவிட்டாள். "நல்லா கீதுண்ணா உன் நாயம்! மருந்துன்னு கூட்டியாந்து மாட்டையே முழுங்கப் பாக்கற?"

பால் கறக்கிற நேரம். அவிழ்த்துவிட்ட மாடுகள் யாரையும் கேட்கவில்லை. இரண்டு எல்லப்பன் வீட்டுக்கும், இரண்டு எதிர்வீட்டுக்கும், ஒன்று கோடி வீட்டுக்கும் தாமாக நடந்து, அதனதன் கொட்டகையில் போய் நின்றன. லோகநாதனின் வாசலில் எலும்பு மாடு மட்டும் மிச்சம் நின்று முறுக்குத் தட்டை நக்கியது.

டாக்டர் மெதுவாகத் திரும்பினாள். "ஐயா, உங்க மாடெல்லாம் ஏன் அவங்கவங்க வீட்டுக்குப் போகுது?"

லோகநாதனால் அதற்கு மேல் முடியவில்லை. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"மன்னிச்சிடும்மா. நீங்க யாருன்னு எனக்கு மொத நாளே தெரியும். கூரத்துலேர்ந்து என் பொண்ண விசாரிக்கத்தான் வந்தீங்க. எனக்குக் கீறது இந்த ஒரு மாடுதான். ஆறு டப்பாவும் இதோட சாணிதான். பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல, அவளத் தள்ளிடாதீங்க."

"பொண்ணா? எந்தப் பொண்ணு? ஐயா, நான் அரசாங்க டாக்டர்!" டாக்டர் அட்டையைத் தூக்கி அவர் மூக்குக்கு நேராகக் காட்டினாள். பிறகுதான் அவளுக்கு மற்றது உறைத்தது. "அப்போ யாரோட சாணியைப் பாத்து யாரு மாட்டுக்கு மருந்து ஊத்தினேன் நான்?"

கால் மணி நேரம் அவள் திட்டியதை லோகநாதன் தலை குனிந்து வாங்கிக்கொண்டார். ஐந்து மாட்டுப் பேரையும் மாற்ற வேண்டும், ஐந்துக்கும் இனிமேல்தான் சாணி எடுக்க வேண்டும். கடைசியில் அவளுக்கே மனம் இரங்கிவிட்டது. "இந்த மாடு இளைச்சதுக்குக் காரணமே அந்தப் புழுதான். இனிமே தேறிடும். புழு இல்லாத ஒரு மாடு, புழு இருக்கிற ஆறு மாட்டுக்குச் சமம், போங்க," என்று சொல்லிவிட்டுப் புது டப்பாக்களோடு எல்லப்பன் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

லோகநாதனுக்கு மலையளவு பாரம் இறங்கியது. வந்தவள் நிஜ டாக்டர்! அப்படியென்றால் பையன் வீட்டு ஆள் இன்னும் வரவில்லை, எதுவும் கெட்டுப்போகவும் இல்லை. குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டைக்காரரிடம் போய்த் துண்டை நீட்டினார். யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்கு நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது.

"நல்லவேளை சார், தப்பிச்சேன். எல்லாம் அந்தத் தரகரு ஏழுமலையால வந்த வெனை. ஆறு மாடுன்னு அவன் வுட்ட புளுகு. எனக்குப் பயம் இன்னான்னா, என் பொண்ணு அந்தப் பையன் போட்டோவ போனுல வெச்சிக்கினு தெனம் பாக்கறா. ஒத்த மாட்டுக்காரன் வூட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டா, அவ மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்?"

வெள்ளைச் சட்டைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களால ஒரு ஒத்தாசை ஆவணும் சார். நெஜ ஆளு நாளைக்கோ மறாநாளோ வருவான். நீங்க கவர்மெண்ட் ஆளு, நீங்க சொன்னா எடுபடும். இந்தப் பக்கம் வரும்போது யாராச்சும் கேட்டா, ஆமா, லோகநாதனுக்கு ஆறு மாடு, நானே மருந்து ஊத்துனேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சரி, கெளம்புங்க சார். டாக்டரம்மா அங்க உங்களத் தேடப்போறாங்க."

அவர் துண்டை மடித்து லோகநாதனின் தோளிலேயே போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாதுங்க சம்பந்தி, நான் பையனோட தாய்மாமன், நீங்க எங்க வூட்டுக்கு வர்ற அன்னிக்கு வாசல்ல நிக்கப்போற டிராக்டரு கூட ஓரிக்கை ஊர்ல ஒருத்தராண்ட இரவல் கேட்டு வெச்சதுதான்."