கூடுதல் பொறுப்பில் ஓர் அடைக்கோழி

சான் எவரிஸ்தோ மலையூரில் கல்யாணம் என்றால், மாப்பிள்ளை வீட்டார் உயிருள்ள வான்கோழிகளைத் தோளில் சுமந்து, எக்காளம் முழங்க, பெண் வீட்டு வாசல்வரை ஆடிக்கொண்டே போக வேண்டும். சாதாரணக் கோழியைத் தூக்கிக்கொண்டு போனால் கதவைச் சாத்திவிடுவார்கள். அதில் தப்பொன்றும் இல்லை.

க்ரெசென்சியாவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் ஓதிலோனுக்கு டிசம்பரில் கல்யாணம். கூடை நிறைய முட்டையை வைத்து அடைகாத்துக்கொண்டிருந்த பெட்டை வான்கோழியை ஏப்ரலில் நரி கொண்டுபோய்விட்டது. ஒரு பாட்டம் அழுது முடித்துவிட்டு, அந்த மலையில் எல்லோரும் செய்வதை அவளும் செய்தாள். 'ஜெனரல்' என்று பெயரெடுத்த வான்கோழிச் சேவலைப் பிடித்து, அலகைத் திறந்து, இரண்டு மடக்கு மெஸ்கல் சாராயம் ஊற்றி, முட்டைமேல் உட்காரவைத்தாள். போதையில் தான் ஆணா பெண்ணா என்பதே ஜெனரலுக்கு மறந்துபோயிற்று. தெளிகிற நேரம் பார்த்து இன்னொரு மடக்கு. அது பாட்டுக்கு அடைகாத்தது.

இந்த நிலையில்தான் புறக்கடைப் பறவைகள் மேம்பாட்டு அலுவலகத்தின் ஆய்வாளர் பல்தசார் வந்து சேர்ந்தார். பட்டம் படித்த அதிகாரி என்பதால் ஊருக்கு அவர் 'லிசென்சியாதோ'; ஊர்ப் பெண்கள் அவருக்கு 'தோன்யா', அதாவது அம்மணி.

"தோன்யா க்ரெசென்சியா, இது சேவல் மாதிரி தெரியுதே?"

"சேவலேதாங்க, லிசென்சியாதோ."

"அடைகாக்கும் பணி பெட்டைக்கு ஒதுக்கப்பட்டது. தகுதியில்லாத நபர் பதவியில இருக்காரு." குனிந்து மோந்து பார்த்தார். "குடிச்சிருக்காரா?"

"குடிக்காம எந்த ஆம்பள இந்த வேலைக்கு உக்காருவான்?"

"பணி நேரத்துல குடி! இது ரெண்டாவது குற்றம்." பல்தசார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "விசாரணை முடியும்வரை மேற்படி ஜெனரல் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார்."

ஓதிலோன் சேவலைத் தூக்கி முற்றத்தில் விட்டான். அது நாலடி நடந்து, சுவரோரம் சாய்ந்து தூங்கிப்போயிற்று.

க்ரெசென்சியா ஓடிவந்து கூடையை இரண்டு கையாலும் மூடினாள். "முட்டை குளுந்துபோயிடுமே! பறவை இல்லேன்னா எம்புள்ள கல்யாணம் நின்னுபோயிடும்! இப்ப யாரு உக்கார்றது?"

"மாற்று நியமனம் வரும்வரை..." விதியை மனப்பாடமாக ஒப்பிக்கத் தொடங்கிய பல்தசாரின் குரல் பாதியில் இறங்கியது. "பணிநீக்கம் செய்த அலுவலரே கூடுதல் பொறுப்பு வகிப்பார்."

"அப்ப உக்காருங்க."

"நானா?"

"விதி நான் போட்டதில்லீங்களே."

விதியை மீறி அறியாத மனிதர் அவர். உட்கார்ந்தார். கூடையை மடியில் ஏந்தி, அரசாங்கச் சம்பளத்தில் வளர்ந்த தொப்பையை முட்டைகள்மேல் இதமாகச் சாய்த்துக்கொண்டார். க்ரெசென்சியா கம்பளியால் போர்த்திவிட்டாள். ஆனாலும் எழுந்து போகவேண்டும் என்று அவ்வப்போது நெளிந்தார். அதற்கு மருந்து அவளுக்குத் தெரியாதா என்ன? முதல் குவளையை உபசாரம் என்று கொடுத்தாள். இரண்டாவதை அவர் மரியாதைக்காக வாங்கிக்கொண்டார். மூன்றாவதை அவரே கேட்டார். அலுவலகத்தில் அவர் இல்லாததை ஒருவரும் கவனிக்கவில்லை. நாற்காலி இருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

குஞ்சுகள் பொரிந்தன. கண் விழித்ததும் பல்தசாரின் மீசையைப் பார்த்து, இதுதான் அம்மா என்று முடிவு கட்டின. அவர் போகிற இடமெல்லாம் பின்னாலேயே ஓடின. சேதி கேட்டுத் தலைநகரிலிருந்து இயக்குநர் எர்மெலிந்தா அம்மையார் வந்தார். பார்த்தார். கண் கலங்கினார்.

"நம்ம துறையில எத்தனையோ பேரு எத்தனையோ வருஷமா உட்கார்ந்திருக்காங்க. ஏதோ ஒண்ணு பொரிஞ்சது இதுதான் முதல் தடவை!"

அந்த வருஷ அன்னையர் தினத்தில் மாவட்டத்தின் சிறந்த தாய்க்கான பதக்கம் பல்தசாருக்குக் கிடைத்தது. தாய்மார்கள் எல்லோரும் கைதட்டினார்கள்.

டிசம்பரில் வான்கோழிகள் தோளில் ஆடிக்கொண்டு போயின. பதக்கம் அணிந்த அம்மா முன்னால் நடந்ததால் அவை ஒரு சிணுங்கல்கூடச் சிணுங்கவில்லை. பெண் வீட்டுக் கதவு திறந்தது. க்ரெசென்சியா சந்தோஷத்தில் அழுதாள்.

விருந்துக்கு எதை அறுப்பது என்ற பேச்சு வந்தபோது ஓதிலோன் கேட்டான்: "இனிமே சேவலு எதுக்கு? குடிக்கிறதுக்கும் உக்கார்றதுக்கும் அரசாங்கமே ஆளு அனுப்புதே!"

ஊரே யோசித்துப் பார்த்தது. நியாயமாகத்தான் பட்டது. க்ரெசென்சியாவே கத்தியைத் தீட்டினாள். விசாரணை முடிவதற்குள் ஜெனரல் மோலே குழம்பில் இறங்கினார். ஊரிலிருந்த மற்ற வான்கோழிச் சேவல்களும் ஒவ்வொரு விருந்துக்கும் ஒன்றாகப் பின்தொடர்ந்தன. குழம்பு பிரமாதம் என்று எல்லோரும் விரலை நக்கினார்கள்.

அடுத்த வசந்தத்தில் இளையவன் தாமியானுக்குப் பெண் நிச்சயமாயிற்று. பெட்டைகள் முட்டையிட்டன. துறையும் வீட்டுக்கு ஓர் அதிகாரியை அனுப்பிவைத்தது. அனைவரும் நன்றாகக் குடித்தார்கள், நன்றாக உட்கார்ந்தார்கள். நாள் கடந்தும் ஓர் ஓடுகூட விரியவில்லை. க்ரெசென்சியா ஒரு முட்டையைக் காதோரம் வைத்துக் குலுக்கினாள். களக் களக் என்றது.

"ஐயோ லிசென்சியாதோ, அத்தனையும் கூமுட்டையாப் போச்சே! தாமியான் எதைத் தோளில வச்சு ஆடுவான்?"

பல்தசார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "தோன்யா, எங்க பணி உட்கார்றது. பொரியறது வேற துறை."

யாரையாவது வாய்க்கு வந்தபடி திட்டவேண்டும் போலிருந்தது அவளுக்கு. சேவல் சேராத முட்டை எப்படிப் பொரியும்? ஊரில் ஒரு சேவலாவது மிச்சமிருக்கிறதா என்று தெருவுக்கு ஓடினாள். கத்தி தீட்டியது யார் என்பது அங்கே போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. மெதுவாகத் திரும்பி வந்து, கூமுட்டைகளை எண்ணத் தொடங்கினாள். ஊரையும் தன்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் பாதியில் விட்டுவிட்டாள்.

பிறகு மிச்சமிருந்த மெஸ்கலைக் குவளையில் ஊற்றிக்கொண்டு வந்தாள். பல்தசார் மரியாதையாக நகர்ந்து, அவளுக்கும் உட்கார இடம் கொடுத்தார்.