ஓட்ஸுக்கு ஒரு விமர்சகர்

"என்ன முழிச்சுக்கிட்டு இருக்கீங்க? சாப்பிடுங்க" என்றாள் மனைவி.

பேருந்துப் பணிமனையின் டைம்கீப்பர் கண்ணாடி ஜாடிக்குள் எட்டிப் பார்த்தார். ராத்திரி முழுக்கப் பாலில் ஊறி, ஃப்ரிட்ஜில் குளிர்ந்து, கூழாகிக் கிடந்தது ஓட்ஸ். ரத்தத்தில் கொழுப்பு ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றே மனைவி வாணலியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள்.

"கொஞ்சம் சுட வச்சுத் தரக் கூடாதா?"

"அடுப்பே பத்த வைக்க வேண்டாம். அதானே இதோட விசேஷமே!"

சுவரில் போஸ்டர் ஒட்ட நன்றாக இருக்கும் என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டார். ஓட்ஸை விழுங்குவதைவிட அது சுலபமாக இருந்தது.

"முதல் பஸ்ஸை அனுப்ப நேரமாச்சு. அங்கே போய்ச் சாப்பிட்டுக்கறேன்" என்று ஜாடியை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பணிமனை வாசலில் வாட்ச்மேன் சலாம் வைத்தார். சலாம் வைத்த கையிலேயே ஜாடியைத் திணித்தார் டைம்கீப்பர். "வச்சுக்கோய்யா. உடம்புக்கு ரொம்ப நல்லது."

பஸ்களை ஒவ்வொன்றாக அனுப்பிவிட்டுக் கேண்டீனுக்குள் நுழைந்தபோது கல்லிலிருந்து கமகமவென்று வாசனை.

"புதுசா இனிப்பு ரொட்டி போட்டிருக்கேன் சார்" என்றார் கேண்டீன் மாஸ்டர்.

ஓரம் முறுகலாக, நடுவில் பஞ்சாக இருந்தது ரொட்டி. டைம்கீப்பர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். இன்னொன்று கேட்டு வாங்கினார்.

சாயந்திரம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்தது. "எப்படி இருந்துச்சு?"

"பிரமாதம்."

"பழம் இனிச்சுதா?"

"வாழைப்பழமாச்சே, இனிக்காம இருக்குமா?"

"நான் போட்டது பேரீச்சம்பழம்!"

"அது... ஊறிப் போனதுல அடையாளம் தெரியலை" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டார்.

மறுநாள் முதல் ஏற்பாடு பலமானது. ஜாடியைக் கொடுப்பார், வேலை முடிந்து போகும்போது காலி ஜாடியோடு வாட்ச்மேனின் அபிப்பிராயத்தையும் வாங்கிக்கொள்வார். வாட்ச்மேனோ முகத்துக்காகப் பேசுகிற ஆள் இல்லை.

"பட்டைத்தூள் ஒரு சிட்டிகை தூக்கல் சார். பாதாமைப் பொடிப்பொடியா நறுக்கிப் போடச் சொல்லுங்க, கடிக்க ஏதாவது வேணுமில்ல?"

டைம்கீப்பர் அதை அப்படியே வீட்டில் ஒப்பித்தார். மனைவி பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"உப்பே போடலைன்னாகூட வாயைத் திறக்காத மனுஷன் நீங்க. கல்யாணமானதுலேருந்து இன்னிக்குத்தான் நான் செஞ்சதை ருசிச்சுச் சாப்பிட்டிருக்கீங்க."

அவள் குரல் தழுதழுத்தது. அவர் துண்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் குளியலறைக்குள் புகுந்தார்.

அதோடு விட்டாளா? இரவுதோறும் ஓட்ஸ் ஊறப்போடுவது ஒரு சடங்காகிவிட்டது. பாதாம் வந்தது, ஆப்பிள் வந்தது, சின்ன ஜாடி போய்ப் பெரிய ஜாடி வந்தது. உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பெருமை பேசினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, நானும் ஆரம்பிக்கலாம்னு பார்க்கறேன். தொண்டையில வழுக்கிக்கிட்டுப் போகுமா, மென்னு தின்னணுமா?"

மனைவி பக்கத்திலேயே நின்றாள்.

"மெல்லவும் செய்யலாம், வழுக்கவும் வழுக்கும்" என்றார் டைம்கீப்பர், நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் உறுத்தல் மனசோடு நின்றது, வயிறு வரை போகவில்லை. கேண்டீன் ரொட்டி நாளுக்கு நாள் மெருகேறிக்கொண்டே வந்தது. அவரும் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போயிருந்தார். "உம்ம கைப்பக்குவம் எங்க வீட்டுல ஏழு ஜென்மத்துக்கும் வராதுய்யா" என்று மாஸ்டரிடம் சொல்வார். மாஸ்டர் ஒரு மாதிரி சிரிப்பார்.

மறுபடி ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாள் வந்தது. கசாப்புக் கடைக்குப் போகிற ஆடு மாதிரி மனைவியின் பின்னால் போனார். கல்லில் வாட்டிய ரொட்டியை மூன்று மூன்றாக உள்ளே தள்ளிய குட்டு இன்றோடு உடையப் போகிறது!

டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "பேஷ்! கொழுப்பு நல்லா இறங்கியிருக்கே! அப்படி என்னதான் சாப்பிடுறீங்க?"

"ஓட்ஸ்தான் டாக்டர்" என்றாள் மனைவி முந்திக்கொண்டு. "ராத்திரியே ஊற வச்சுடுவேன்."

டைம்கீப்பருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வெளியே வந்ததும் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முதல் நாள் உங்க முகம் போன போக்கைப் பார்த்தேனே! பிடிக்காட்டியும் எனக்காகத்தானே சாப்பிட்டீங்க?"

"இல்லைடி, வந்து... நான் ஒண்ணு சொல்லணும்..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். அப்புறம் நடுத்தெருவுல அழுதுடுவேன்."

அன்று இரவு அவள் பழம் நறுக்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தார். மறுநாள் காலை பணிமனை வாசலில் வாட்ச்மேன் வழக்கம்போல் கையை நீட்டினார். டைம்கீப்பர் ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இனிமே ஜாடி கிடையாதுய்யா. கூழோ பசையோ, நானே சாப்பிடப் போறேன். இவ்வளவு நாள் நீ சாப்பிட்டதுக்கு எனக்குப் பாராட்டு கிடைச்சுது. போதும்!"

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார்.

"நான் எங்க சார் சாப்பிட்டேன்? எனக்குப் பால் ஒத்துக்காது. ருசி பார்க்க ஒரு ஸ்பூன், அவ்வளவுதான். மீதியை முதல் நாள்லேருந்தே மாஸ்டர்கிட்ட குடுத்துடுவேன், அவரு அதைக் கல்லுல ஊத்தி உங்க ஒருத்தருக்குத்தானே ரொட்டி போடுறாரு!"