போர்மேனின் காளான் அறை

காற்றுக்கு வழி விடுவதற்காகப் பக்கத்து வீட்டுக்காரன் சுவரை இடித்தவர் உலகத்திலேயே ஒருத்தர்தான் இருக்க முடியும். அவர் திருத்தங்கலில் எனக்குப் பக்கத்து வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பது என் தலையெழுத்து.

இரண்டாயிரத்துச் சில ஆண்டுகளில் நான் அங்கே ஒரு அச்சகத்தில் காலண்டர்களுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். குடியிருந்தது ஒற்றை அறை. சுவருக்கு அந்தப் பக்கம் போர்மேனும் அவர் மனைவி பாக்கியம் மதினியும். போர்மேனுக்கு ரேஷன் கார்டில் ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கும், நான் கேட்டதில்லை. பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்து வேலை போனவர். வேலை போன பிறகும் பட்டம் போகவில்லை.

வேலை போன கதையை ஊரே சொல்லிச் சிரிக்கும். தீபாவளி சீசன். நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் ஒன்பது பேரை உட்கார வைத்திருந்தார்கள். போர்மேன் எண்ணிப் பார்த்தார். ஐந்து பேரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து விட்டார். மறுநாள் அவரை முதலாளி வெளியே விட்டார். அந்த ஐந்து பேரும் போர்மேனுக்கு நன்றி சொன்னார்கள் என்று நினைத்தால் உங்களுக்கு எங்கள் ஊர் தெரியாது. ஒரு நாள் கூலி போச்சே என்று ஒரு வாரம் திட்டினார்கள். திட்டியவர்களில் பாக்கியம் மதினியும் உண்டு. அடுப்பு எரிய வேண்டுமே, மதினி மட்டும் அதே கம்பெனிக்குத் தொடர்ந்து போனார்.

அன்றிலிருந்து போர்மேனுக்கு ஒரே வெறி. மதினியை அந்த அறையிலிருந்து எழுப்பி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும். அதற்கு ஒரு தொழில் வேண்டும். மதுரைப் பக்கம் எங்கேயோ போய் மூன்று நாள் பயிற்சி எடுத்துவிட்டு, காளான் வித்துப் புட்டிகளோடு வந்து இறங்கினார்.

"அண்ணாச்சி, நம்ம ஊரு வெயிலுக்குக் காளானா?" என்றேன்.

"வெயில நான் பாத்துக்கிடுதேன். இருவது வருசம் வெடி மருந்து ரூம்ல சூட்டோட குடும்பம் நடத்தியிருக்கேன். எனக்கே சூட்டப் பத்திப் பாடமா?"

வீட்டுப் பின்னால் சிமெண்ட் சீட் போட்ட ஒரு அறை, என் அறையோடு ஒட்டியது. கூரைமேல் தென்னங்கீற்று போட்டு நனைத்தார். தரையில் ஆற்று மணல் பரப்பித் தண்ணீர் தெளித்தார். சன்னலுக்கெல்லாம் ஈரச் சாக்கு. வைக்கோலை அவித்து வித்துத் தூவிப் பாலிதீன் பைகளில் அடைத்து, கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டார். மேலே சூடு வெளியேற எக்ஸாஸ்ட் ஃபேன். எல்லாம் சரிதான். கீழேயிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வர வழி இல்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டுபிடித்தார்.

நான் துணி துவைத்துவிட்டு வருகிறேன், என் அறைச் சுவரில் கட்டிலுக்கு அடியில் இருந்து ஒரு கடப்பாரை முனை எட்டிப் பார்க்கிறது.

"அண்ணாச்சி, என்ன செய்யுதீக?"

ஓட்டை வழியாகக் குரல் வந்தது. "சூடு மேல ஏறும், குளிரு கீழ படுக்கும். உங்க ரூமு வடக்க பாத்த ரூமு. அம்புட்டுக் குளிர்ச்சியையும் நீங்க ஒத்த ஆளா வச்சி என்ன செய்யப் போறீக?"

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வந்தார், ஓட்டையைப் பார்த்தார், போர்மேன் கையில் வைத்திருந்த கடப்பாரையைப் பார்த்தார், போய்விட்டார். அன்று முதல் என் அறை, காளான் அறைக்குக் காற்று வாங்கும் குழாய் ஆனது. பீடி குடிக்கக் கூடாது. கொசுவத்தி கூடாது. கருவாடு வறுக்கக் கூடாது. ஒரு தடவை காளானெல்லாம் குடை சிறுத்துக் காம்பு நீண்டு வளர்ந்தது. நல்ல காற்று போதாவிட்டால் அப்படித்தான் ஆகுமாம். போர்மேன் நேராக என்னிடம் வந்தார்.

"நீங்க குப்புறப் படுத்துத் தூங்குதீகளா?"

"ஆமா, ஏன்?"

"உங்க மூச்சு பூராவும் ஓட்ட வழியா உள்ள வருது. மல்லாந்து படுங்க."

நான் மல்லாந்து படுத்தேன். இதை எழுதும்போதுகூட எனக்கு எரிச்சல் வருகிறது.

காளான் அறைக்குள் போவது பட்டாசுக் கம்பெனிக்குள் போவது மாதிரிதான். செருப்பைக் கழற்ற வேண்டும், கால் கழுவ வேண்டும், சாவிக்கொத்தை வெளியே வைக்க வேண்டும். ஒரே நேரத்தில் நாலு பேருக்கு மேல் கூடாது. பள்ளிக்கூட டீச்சரம்மா ஒருவர் காளான் வாங்க வந்து வாசலிலேயே நிறுத்தப்பட்டார்.

"அஞ்சாவது ஆளு வந்தா காளான் வெடிச்சிருமா அண்ணாச்சி?"

"வெடிக்காது டீச்சர். ஆனா கணக்கு கணக்குதான். ஒரு ஆளு வெளிய வரட்டும்."

வெளியே வந்தது நான்தான்.

தெருவில் பாதிப் பேர் "நாய்க்குடைய வித்துப் பிழைக்கான்" என்றார்கள். மீதிப் பேர் இனாமாகக் கேட்டார்கள். ஆனால் மாசியில் பூத்த காளான் நிஜமாகவே வெள்ளை வெளேரென்று இருந்தது. விருதுநகரில் ஒரு ஓட்டல்காரர் தின்று பார்த்துவிட்டு, சித்திரைக் கடைசியில் ஒரு லோடு கொண்டு வாருங்கள், சரக்கு இப்படியே இருந்தால் தினமும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். போர்மேன் அன்று மாலையே மதினியைக் கம்பெனியில் சித்திரை மாதம் முழுக்க லீவு சொல்ல வைத்தார். ஆர்டர் நிலைத்தால் மதினி நின்றுவிடுவது. இல்லையென்றால் திரும்பிப் போவது. அப்படித்தான் பேச்சு.

சித்திரை வந்தது. எங்கள் ஊர்ச் சித்திரையைப் பற்றி நல்ல வார்த்தை எழுத எனக்கு வராது. போர்மேன் மணிக்கொரு தடவை சாக்கை நனைத்தார், மணலை நனைத்தார், கூரையை நனைத்தார். மதினி குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். சுவரில் தொங்கிய வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துப் போர்மேனுக்குக் கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. எல்லாப் பைகளிலும் மொட்டு வைத்திருந்தது. இன்னும் இரண்டு நாளில் அறுப்பு.

அன்று மதியம் கரண்டு போனது. ஃபேன் நின்றது. நான் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். போர்மேன் உள்ளே விசிறிக்கொண்டிருக்க, மதினி பின்பக்கம் சாக்கு அலசிக்கொண்டிருந்தார். அப்போது பட்டாசுக் கம்பெனிகள் இருக்கும் ஆனைக்குட்டம் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் அந்தச் சத்தத்தை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

போர்மேன் எழுந்தார். வெடிச் சத்தம் கேட்டால் ஆள் ஓட வழி திறந்துவிட இருபது வருடம் பழகிய கை, இருந்த கதவையும் சன்னலையும் படார் படாரென்று திறந்து எறிந்தது. ஈரச் சாக்குகளைப் பிய்த்து வீசியது. செருப்பில்லாமல் வெளியே ஓடினார். "பாக்கியம்! ஏ பாக்கியம்!" என்று கத்திக்கொண்டே கம்பெனி இருக்கும் திசைக்கு ஓடினார். மதினி லீவில் இருப்பது, பத்தடி தூரத்தில் சாக்கோடு நிற்பது எதுவும் அவர் மண்டையில் இல்லை. அந்தச் சத்தம் கேட்டால் பாக்கியம் கம்பெனியில்தான் இருப்பாள். அப்படியே பழகிப்போன மனுஷன்.

"ஏங்க! இங்கன இருக்கேங்க! ஏங்க!" என்று மதினி பின்னாலேயே ஓடினார்.

தெரு மொத்தமும் எதிர் அச்சகத்து மொட்டை மாடியில் ஏறிப் புகை பார்த்தது. நானும் பார்த்தேன். கீழே காளான் அறை நாலா பக்கமும் திறந்து கிடந்தது என் கண்ணில் பட்டது. சித்திரை அனல் காற்று நேராக உள்ளே போய்க்கொண்டிருந்தது. இறங்கிப் போய்ச் சாத்த எனக்கு இரண்டு நிமிடம் ஆகாது. நான் புகை எந்தக் கம்பெனி என்று ஊகித்துக்கொண்டு மாடியிலேயே நின்றேன். 

வெடித்தது வேறு கம்பெனி. தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்றதும் தெரு மூச்சு விட்டது. தெரியாத எவர் வீட்டுத் தெருவில் மூச்சு நின்றதோ, அதை நாங்கள் கேட்கவில்லை.

போர்மேன் கம்பெனி வாசலில் கேட்டை உலுக்கிக்கொண்டு நின்றாராம். "அவ லீவுல இருக்காய்யா" என்று வாட்ச்மேன் சொன்னது காதில் ஏறவில்லையாம். யாரோ ஒருவரின் பைக்கில் ஏறி வந்து சேர்ந்த மதினி கையைப் பிடித்ததும், ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அழுதார் என்று மதினி சொன்னார். வேர்வை என்று அவர் சொன்னார்.

அவர்கள் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மொட்டுகள் எல்லாம் வற்றல் மாதிரி காய்ந்து கிடந்தன. போர்மேன் ஒவ்வொரு பையாகத் தொட்டுப் பார்த்தார். நான் அவர் ஏதாவது திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

லீவு முடிந்ததும் மதினி கம்பெனிக்குக் கிளம்பினார். சீசனுக்கு ஆள் வேண்டுமே, வாசலிலேயே நின்று வரவேற்றிருப்பார்கள். நான் எதிர்பார்க்காதது, கம்பெனி வேனில் மதினிக்குப் பக்கத்தில் போர்மேனும் உட்கார்ந்திருந்தது. பழைய போர்மேன் வேலையை அவருக்குக் கொடுக்கவில்லை. சூடு தணிய அறைகளைச் சுற்றித் தரையை நனைக்கும் வேலை, வாளியும் சொம்பும். தான் அதட்டி வேலை வாங்கிய பையன்களிடம் இப்போது அதட்டு வாங்கும் வேலை.

"என்ன அண்ணாச்சி இது? வெக்கமா இல்லையா?" என்று கேட்டே விட்டேன்.

"என்ன வெக்கம்? அவ ரூமுக் கதவ காத்துக்குச் சாத்திச் சாத்தி வைக்கானுவ. ஒண்ணு வெடிச்சா அவ ஓட வழி வேண்டாமா? தண்ணி ஊத்துற சாக்குல போயி தொறந்து விட்டுட்டு வந்திருதேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவ போவேன். எவன் என்ன செய்வான்?"

நான் சென்னைக்கு வந்து பல வருடமாகிவிட்டது. டிவியில் சிவகாசியில் வெடி விபத்து என்று கீழே எழுத்து ஓடினால், மதினி செல்லுக்கு உடனே போட்டுவிடுவேன். மணி அடித்துக்கொண்டே இருக்கும். பிறகு, கம்பெனி வாசலில் கொடுத்து வைத்த அதைப் போர்மேன் ஓடி வந்து எடுத்து, பழைய மரியாதையெல்லாம் விட்டு, "ஏலே, வேல நேரத்துல போன் போடாதன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்" என்று வாய்க்கு வந்தபடி திட்டுவார். அந்தத் திட்டு முழுவதையும் கேட்ட பிறகுதான் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும்.