பசை பரவியதா என்று திறந்து பார்ப்பவர்

திறந்து பார்ப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லை என்றால் உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருப்பார், பழகிப்போனதால் கண்ணில் படவில்லை. கெட்டுப்போன காரியத்தைப் பற்றி இவர்களுக்குக் கவலையே கிடையாது. அதுதான் கெட்டது என்று தெரிந்துவிட்டதே. நன்றாக நடந்துகொண்டிருக்கும் காரியம்தான் இவர்களைத் தூங்க விடாது. உள்ளே என்ன நடக்கிறதோ, யார் கண்டது?

இது குடும்பத்தில் ஓடுகிற சமாச்சாரம். நாம் பார்க்கப் போகிற லிஃப்ட்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய சின்னச் சித்தப்பா, சைக்கிள் டயரில் காற்று இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வால்வைத் திறந்து பார்ப்பார். "புஸ்" என்று சத்தம் வந்தால் காற்று இருக்கிறது என்று அர்த்தம். திருப்தியோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார். பெரிய அத்தை, தூங்கும் குழந்தையைத் தட்டி, "தூங்கிட்டியா கண்ணு?" என்று கேட்பவள். அப்பா இருக்கிறாரே, அவர் இவர்களுக்கெல்லாம் மேல். தன் அண்ணனோடு இருந்த சண்டை தீர்ந்து, இருவரும் பேச ஆரம்பித்த மூன்றாம் நாள், "மனசுல ஒண்ணும் வச்சுக்கலையே? நிஜமா இல்லையே? அந்த வார்த்தை சொன்னேனே, அதைக்கூட மறந்துட்டியா?" என்று கேட்டுக் கேட்டு, அண்ணனுக்கு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்து, அதற்குப் பிறகு பதினோரு வருடம் பேச்சுவார்த்தை கிடையாது.

அந்த ரத்தம்தான் லிஃப்ட்காரருக்கு. உயரமான கட்டடங்களில் லிஃப்ட்டுகளைப் பழுது பார்ப்பது அவர் வேலை. கெட்டிக்காரர். அவர் கை வைத்த லிஃப்ட் நின்றதில்லை, அவரே நிறுத்தினால் ஒழிய. அவசர மணி ஒழுங்காக அடிக்கிறதா என்று அறிய, ஆட்கள் உள்ளே இருக்கும்போது நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் ஒருமுறை நிறுத்திப் பார்த்தார். அடித்தது. வெகு நேரம் அடித்தது.

இவருடைய மனைவி, கட்டடங்களுக்கு உள்ளறைப் படம் வரைந்து கொடுப்பவள். ஓர் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் பிறர் பேரில் வரைந்துவிட்டு, இப்போதுதான் வேலையை விட்டுத் தன் பேரில் முதல் வேலையைப் பிடித்திருந்தாள். ஒரு பல் மருத்துவமனை. வரவேற்பறை எப்படி இருக்கும், நாற்காலி எங்கே, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று நிஜம் போலவே படமாக்கி, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் கட்டட ஒப்பந்தக்காரருக்கு அனுப்ப வேண்டும். பிடித்துப்போனால் அவர் கட்டும் மற்ற ஐந்து கட்டடங்களும் இவளுக்கு. நான்கு மணி தாண்டினால் அந்த வேலை அவளுடைய பழைய அலுவலகத்துக்கே போய்விடும். படம் முழுசாக உருவாகக் கம்ப்யூட்டர் ஆறு மணி நேரம் மூச்சு விடாமல் ஓட வேண்டும். நடுவில் நின்றால் முதலிலிருந்து.

பழைய கம்ப்யூட்டர் பாதியிலேயே சூடேறி அணைந்துபோனது. "நானே ஒண்ணு சேத்துத் தரேன்" என்றார் லிஃப்ட்காரர். மேஜை பக்கத்து அலமாரித் தட்டில் அடங்க வேண்டும் என்றாள் அவள். அதனால் பெட்டி சின்னது, இரண்டு செருப்புப் பெட்டியை அடுக்கினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. அதற்குள் கம்ப்யூட்டரின் மூளை, சூட்டைக் கக்கும் ப்ராசஸர். அதன் தலையில் உட்கார்ந்து சூட்டை உறிஞ்ச ஒரு கூலர்.

கடையில் இருந்ததிலேயே பெரிய கூலரை வாங்கி வந்தார். ஒரு சாண் உயரம், பார்ப்பதற்கே குளிர்ச்சியாக இருந்தது. பெட்டியிலோ ஏழு சென்டிமீட்டர்தான் இடம். கதவு மூடவில்லை. "கதவு எதுக்கு? காத்து நல்லா வருமே" என்றார்.

"அப்ப பெட்டி எதுக்குங்க? எல்லாத்தையும் தரையில பரப்பி வச்சிரலாமே" என்றாள் மனைவி.

திரும்பக் கடைக்கு. கடைக்காரர் தட்டையான கூலர் ஒன்றை எடுத்து, முதலில் உயரத்தை அளந்து காட்டினார். கூடவே சின்னக் குழாயில் பசை. ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் அடைத்து, சூட்டை மேலே கடத்துவது இந்தப் பசைதான்.

"பட்டாணி அளவு நடுவுல வைங்க சார். கூலரை மேல வச்சு நாலு ஸ்க்ரூவையும் முறுக்குங்க. தானா பரவிக்கும். அப்புறம் தொடாதீங்க."

"பரவிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

முப்பது வருடமாகக் கடை நடத்துபவர். "பரவிக்கும் சார்" என்று மட்டும் சொன்னார்.

லிஃப்ட்காரர் வேலையில் குறை சொல்ல முடியாது. கீழே ஒரு ஃபேன் குளிர்ந்த காற்றை உள்ளே இழுக்க, மேலே ஒரு ஃபேன் சூட்டை வெளியே தள்ள. ஒயர்களையெல்லாம் வாரிப் பின்னிப் பக்கத்தில் ஒதுக்கி, காற்று போகும் வழியைப் பெருக்கிவிட்ட வாசல் மாதிரி வைத்தார். கீழே காற்றுப் போக இடம் வேண்டுமே என்று பெட்டியின் நான்கு மூலைக்கும் பாட்டில் மூடியை முட்டுக் கொடுத்தார். அலமாரியின் பின்பலகையைக் கழற்றினார். மெல்லிய தாள் துண்டை நீட்டி, எங்கே இழுக்கிறது எங்கே தள்ளுகிறது என்று பார்த்தார். ஓடவிட்டால் எழுபத்தோரு டிகிரி. நிமிர்ந்து நின்ற எழுபத்தொன்று. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஃபேன்தான் இந்த வேலையைச் செய்கிறதா என்று பென்சிலைக் கொடுத்து அதை நிறுத்திப் பார்த்தார். எண்பத்தெட்டு ஆனது. ஆக, ஃபேன்தான்.

இது திங்கட்கிழமை. இத்தோடு அவர் கையைக் கழுவியிருந்தால் உங்களுக்கும் எனக்கும் இங்கே வேலை இல்லை.

பசை பரவியிருக்கிறதா? இதைப் பார்க்க ஒரே வழி, கூலரைக் கழற்றுவது. கழற்றினால் பசை பிய்ந்துவிடும். துடைத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். புதிதாக வைத்தால் அது பரவியிருக்கிறதா? திங்கள் ஒரு தடவை, செவ்வாய் இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் அருமையாகப் பரவியிருந்தது. "அது போன தடவை" என்றார்.

புதன்கிழமை காலை மனைவி படத்தை ஓடவிட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால், பெட்டி வயிறு திறந்து மேஜைமேல் மல்லாந்து கிடக்கிறது.

"நாப்பது சதவீதம் முடிஞ்சிருந்துச்சேங்க!"

"அதான் இப்பவே நிறுத்தினேன். எண்பதுல நிறுத்தியிருந்தா உனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்?"

அவள் ஈரத் துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு மாடிக்குப் போனாள். மாடியில் லிஃப்ட்காரரின் அக்கா குடியிருக்கிறாள். அந்தக் குடும்பத்தில் இந்த நோய் தொற்றாத ஒரே ஆள். அதனால் எல்லோருடைய நோயும் அவளுக்கு அத்துப்படி.

"அண்ணி, நீங்க கொஞ்சம் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை போச்சுன்னா நான் அந்த ஆபீஸ்ல போய்த் திரும்ப நிக்கணும். 'வா, வந்துட்டியா'ன்னு கேப்பாங்க. என்னால முடியாது."

"சொன்னா கேக்கிற சாதியா அது? எங்க சித்தப்பாகிட்ட பம்பை ஒளிச்சு வச்சுப் பாத்தோம், வால்வைத் திறக்கறதை நிறுத்தலையே. இவனுக்குப் பாக்கணும், அவ்வளவுதான். உடைக்காமப் பாக்க ஏதாவது இருந்தாக் குடு."

ஓடவிட்டால் மறுபடி திறந்துவிடுவார் என்று, மனைவி வியாழன் முழுக்கப் படத்தை ஓடவிடாமல் யோசித்தாள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் படத்தை ஓடவிட்டாள். பிறகு சுவரிலிருந்த கல்யாணப் படத்தை இறக்கி, சட்டத்தைப் பிரித்து, கண்ணாடியை உருவி எடுத்து, அடுத்த அறை மேஜையில் வைத்தாள். பக்கத்தில் பழைய ப்ராசஸர், பசைக் குழாய்.

"இங்க பாருங்க. பசையை வச்சுக் கண்ணாடியால அழுத்துங்க. மேலேர்ந்தே தெரியும். எதையும் கழட்ட வேண்டாம்."

லிஃப்ட்காரர் கண்ணாடியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கல்யாணமான பதினாறு வருடத்தில் அவளை அப்படி ஒரு மரியாதையோடு அவர் பார்த்ததில்லை.

உட்கார்ந்தார். பட்டாணி அளவு வைத்து அழுத்தினார். கோடு போட்டு அழுத்தினார். பெருக்கல் குறி, ஐந்து புள்ளி, பாம்பு மாதிரி வளைத்து, பூரான் மாதிரி கால் வைத்து. பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. இருபது, ஐம்பத்தாறு, எண்பத்திரண்டு சதவீதம். அவர் தலை நிமிரவில்லை. அக்கா ஒருமுறை எட்டிப் பார்த்து, குழந்தை மாதிரி உட்கார்ந்திருக்கிற தம்பியைக் கலைக்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

மூன்றேகாலுக்குப் படம் முடிந்தது. மூன்றரைக்கு அனுப்பினாள். அதே நேரம் லிஃப்ட்காரரும் முடிவோடு வெளியே வந்தார்.

"பட்டாணி அளவுதான் சரி."

"கடைக்காரரும் அதைத்தானே சொன்னாரு?"

"அவர் சொன்னாரு. நான் பாத்தேன்." கண் பெட்டிப் பக்கம் போனது. "அப்ப நம்ம பெட்டியிலயும் சரியாத்தான் பரவியிருக்கும், இல்ல?"

"ஆமாங்க."

"இல்ல... வேலைதான் முடிஞ்சிடுச்சே."

ஆறு மணி நேரம் மனிதர் எழுந்திருக்கவே இல்லை. அவளுக்கும் மனசு இளகியிருந்தது. இழுப்பறையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, தானே நீட்டினாள்.

திறந்தார். அப்பப்பா, என்ன பரவல்! மூலைக்கு மூலை, ஒரு குமிழி இல்லை. "அக்கா! ஓடி வா, வந்து பாரு!" அக்கா இறங்கி வந்து பார்த்தாள். மனைவி பார்த்தாள். மூன்று பேரும் குனிந்து, பிய்ந்துபோன பசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. ஒப்பந்தக்காரர்.

"படம் ரொம்ப நல்லாருக்கும்மா. அந்தச் சுவர் நிறத்தை மட்டும் கொஞ்சம் வெளுப்பாக்கி, நாளைக்குக் காலையில குடுத்துருங்க. மத்த அஞ்சும் உங்களுக்குத்தான்."

"கண்டிப்பா சார்" என்றாள் மனைவி, திறந்து கிடக்கும் பெட்டியைப் பார்த்தபடி.

குழாயில் பசை இல்லை. பாம்பும் பூரானும் எல்லாவற்றையும் தின்றிருந்தன. கடைக்கு ஃபோன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே பூட்டிவிட்டுப் போகிறவர். அவளுக்குத் தன்மேலேயே கோபம். திறந்தது அவர், ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தது யார்?

லிஃப்ட்காரர் அடுத்த அறைக்குப் போனார். கல்யாணப் படத்தின் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தூசு படாத மூலையாகப் பார்த்து, பிளேடால் பதமாக வழித்து, ஒரு பட்டாணி சேர்த்தார். அதை நடுவில் வைத்து, கூலரை இறக்கி, நான்கு ஸ்க்ரூவையும் முறுக்கினார். கதவை மூடினார். ஓடவிட்டார். எழுபத்தொன்று.

மனைவி சுவருக்கு வெளுப்பு நிறம் கொடுத்து, மறுபடி ஓடவிட்டாள். ஸ்க்ரூடிரைவரை அக்கா இடுப்பில் செருகிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். வீடு அமைதியானது. லிஃப்ட்காரர் பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"ஏய்... வழிச்ச பசை பரவுமா?"

"பரவும்."

"எப்படித் தெரியும்?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அடுப்பில் வேகிறதை மூன்று தடவை மூடி திறந்து பார்த்தவர்களும், ஃப்ரிட்ஜ் கதவை மூடினால் உள்ளே விளக்கு அணைகிறதா என்று இடுக்கு வழியாகப் பார்த்தவர்களும், "என்மேல கோபம் இல்லையே?" என்று கேட்டே கோபத்தைக் கிளப்பியவர்களும் தாராளமாகச் சிரிக்கலாம். இது நன்றாக முடிகிறதா என்று கவலைப்பட்டு, முதல் பத்தியைப் படித்த கையோடு இந்தக் கடைசிப் பத்திக்கு ஓடி வந்தீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது முதலிலிருந்து படியுங்கள்.